பத்து இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று

டிசம்பர் விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள், இஞ்சி டீயை ஊதிக்கொண்டே கைபேசியை என் பக்கம் நீட்டினாள். பென்சில்வேனியாவில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கோடையில் அதே வளாகத்தில் அவள் கல்லூரியே பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வாரப் படிப்பு முகாம் நடத்துகிறதாம். அதற்கு ‘ரெசிடென்ஷியல் அசிஸ்டென்ட்’ வேண்டும் என்று அறிவிப்பு. தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு, முடிவில் ஒரு தொகை.

“இது என்ன மாமா, நம்ம ஊர் ஹாஸ்டல் வார்டன் மாதிரியா?”

நான் வாய் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது. “லட்ச லட்சமாக் கட்டிப் படிக்கப் போனது ஊரான் பெத்த பிள்ளைக்கு ஆயா வேலை பாக்கவா?”

இருபது வருடத்துக்கு முன், மேல்படிப்புக்குப் போன இடத்தில் இரண்டு கோடை இதே வேலையைப் பார்த்தவன் நான். வார்டனும் இல்லை, ஆயாவும் இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். பிறகு என்னதான் என்று சொல்ல இரண்டு டீ ஆனது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அங்கே படிக்கிறார்கள். இதே மாதிரி அறிவிப்பு அவர்களுக்கும் வரும். அதனால் அன்று பேசியதைக் கொஞ்சம் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் மே மாதத்தில் காலியாகிவிடும். ஆகஸ்ட் கடைசிவரை அறைகளும் சாப்பாட்டுக் கூடமும் ஆய்வகங்களும் பெரும்பாலும் சும்மா கிடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கோ ஏறக்குறைய பத்து வாரம் விடுமுறை. பெற்றோருக்கு அத்தனை விடுமுறை கிடையாது. காலி அறையையும் சும்மா இருக்கும் பிள்ளையையும் சேர்த்துவைத்தால் கோடை முகாம் தயார்.

பிள்ளைகளை வீட்டைவிட்டு வெளியே கூட்டிப்போய்த் தங்கவைக்கும் பழக்கம் அங்கே பழையது. 1861-ல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் வில்லியம் கன் என்ற பள்ளி ஆசிரியர், தன் மாணவர்களைச் சுமார் 40 மைல் தள்ளிக் கடற்கரைக்கு அழைத்துப்போய் இரண்டு வாரம் கூடாரத்தில் தங்கவைத்தார். அமெரிக்கக் கோடை முகாம்களின் கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அது படகும் மீனும் நெருப்பு மூட்டலுமாக இருந்தது. படிப்பு முகாம் பிறகு வந்தது. ஆர்னால்டு ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் 1957-ல் நாட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பள்ளி மாணவர்களுக்கு எண் கோட்பாடு சொல்லித்தரத் தொடங்கினார். 1964-ல் அது ஒகையோவுக்கு மாறி, அவர் பெயரிலேயே இன்றும் நடக்கிறது. 1963-ல் வட கரோலினா மாநில அரசு, வின்ஸ்டன்-சேலம் ஊரில் ‘கவர்னர்ஸ் ஸ்கூல்’ என்ற கோடைப் பள்ளியைத் திறந்தது. 1979-ல் ஜூலியன் ஸ்டான்லி என்ற உளவியலாளர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மையம், பதினேழு வயதுக்காரர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வைப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை எழுதச் சொல்லி, அதில் தேறியவர்களுக்குக் கோடை வகுப்பு நடத்தியது. படிப்பு முகாம் எல்லாமே கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 1965-ல் தொடங்கிய ‘அப்வர்டு பவுண்டு’ அரசுத் திட்டம், வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் ஏழைப் பிள்ளைகளுக்கானது. அவர்களும் கோடையில் சில வாரம் கல்லூரி வளாகத்திலேயே தங்கிப் படிப்பார்கள்.

இத்தகைய முகாம்களில் பொதுவாக மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். பாடம் நடத்தும் ஆசிரியர், அவருக்கு உதவியாளர், மூன்றாவது நம் ஆள். சில இடங்களில் ஆர்.ஏ. என்பார்கள், சில இடங்களில் கவுன்சிலர். ராஸ் முகாமில் கவுன்சிலர்களே பிள்ளைகளோடு ஒரே விடுதியில் தங்கி அவர்கள் போட்ட கணக்கையும் திருத்துவார்கள். மற்ற பல இடங்களில் வேலை பிரிந்திருக்கும். கணக்கு இதுதான்: காலையும் மதியமும் இரவும் சேர்த்து வகுப்பு ஏழு மணி நேரம். மீதிப் பதினேழு மணி நேரம் ஆர்.ஏ. பொறுப்பு. தூக்கம், சாப்பாடு, விளையாட்டு, சண்டை, காய்ச்சல், அழுகை, துணி துவைப்பது எல்லாம் அந்தப் பதினேழுக்குள் வரும்.

“ஒருத்தருக்கு எத்தனை பிள்ளைங்க மாமா?”

அமெரிக்க முகாம் சங்கம் ஒரு விகிதம் வைத்திருக்கிறது. இரவு தங்கும் முகாமில் 9 முதல் 14 வயதுவரை எட்டுப் பிள்ளைக்கு ஓர் ஆள், 15 முதல் 18 வரை பத்துக்கு ஓர் ஆள். 4, 5 வயசு என்றால் ஐந்துக்கு ஓர் ஆள். வயது ஏற ஏற விகிதம் தளர்கிறது, பார்த்தீர்களா? குழந்தையைத் தூக்க ஆள் வேண்டும். பதினாறு வயசுக்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும் என்ற கணக்கு. நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும், எது கடினம் என்று. எனக்கு முதல் கோடையில் பத்துப் பையன்கள். எல்லோருக்கும் பதினைந்து, பதினாறு வயது. மூன்றாம் மாடி, ஒரு நீளமான நடை, இருபக்கமும் அறைகள், கோடியில் என் அறை.

வேலை பிள்ளைகள் வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். முதலில் காகிதம். பென்சில்வேனியாவில் இன்று பிள்ளைகளோடு வேலை செய்யப் போகிறவர் மூன்று சான்று வாங்க வேண்டும்: மாநிலப் போலீஸின் குற்றப் பின்னணிச் சான்று, குழந்தை வதைப் பதிவேட்டில் பெயர் இல்லை என்ற சான்று, எஃப்.பி.ஐ.க்குக் கைரேகை கொடுத்துப் பெறும் சான்று. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2011-ல் அந்த மாநிலத்தையே உலுக்கிய ஒரு வழக்கு உண்டு. கல்லூரியொன்றின் அமெரிக்கக் கால்பந்துக் குழுவின் முன்னாள் பயிற்சியாளர் ஒருவர் பல வருடமாகச் சிறுவர்களைச் சீரழித்தது அப்போது வெளியே வந்தது. அதன் பிறகு சட்டத்தை இறுக்கினார்கள். “என்னைப் பார்த்தா குற்றவாளி மாதிரியா இருக்கு” என்று கோபப்பட இதில் ஒன்றும் இல்லை. கோபப்படாமல் கைரேகை வைப்பதுதான் முதல் பரீட்சை.

பிறகு சில நாள் பயிற்சி. எந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, ஆகாததைத் தின்றுவிட்டால் எபிபென் ஊசியைத் தொடையில் எப்படிக் குத்துவது, மருந்து யார் கையில் இருக்க வேண்டும், தீ மணி அடித்தால் எந்தப் படி வழியாக இறங்குவது, புல்வெளியில் எந்த மரத்தடியில் நிற்பது. எல்லாம் சலிப்பாக இருக்கும். குறிப்பேட்டில் கிறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அந்த மரம் மட்டும் நினைவிருந்தது. அது போதாது என்று பிறகு தெரிந்தது.

இனி ஒரு நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள். காலை ஏழு மணிக்குக் கதவு கதவாகத் தட்டு. இரண்டு தட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடு, உள்ளிருந்து குரல் வரும்வரை நில். “ம்ம்” என்று வந்தால் அது குரல் இல்லை, தூக்கத்தின் மறுமொழி. காலடிச் சத்தம் கேட்க வேண்டும். எட்டு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் எண்ணு. ஒன்பதுக்கு வகுப்பு வாசலில் எண்ணி ஆசிரியரிடம் ஒப்படை. மதியம் திரும்ப எண்ணி வாங்கு. மூன்று மணிக்கு விளையாட்டு: ஃபிரிஸ்பீ, சதுரங்கம், நாடகம், நட்பு வளையல் பின்னுவது, நீயே ஒன்றைக் கண்டுபிடித்து நடத்தினாலும் சரி. நான் கபடி சொல்லிக்கொடுத்தேன். மூச்சுப் பிடித்துக்கொண்டு ‘கபடி கபடி’ சொல்லத் தெரியாமல் ‘படிகபடிக’ என்று ஓடினார்கள். ஏழிலிருந்து ஒன்பதுவரை இரவுப் படிப்பு. பத்து மணிக்கு நடையில் எல்லோரையும் தரையில் உட்காரவைத்துப் பத்து நிமிடப் பேச்சு. பத்தரைக்கு விளக்கணைப்பு. அதற்கு மேல் நமக்குக் கூட்டம். படுக்கும்போது பன்னிரண்டைத் தாண்டும்.

இதற்கு நடுவில் அறிவிப்பில் போடாத வேலைகள் வரும். துணி துவைக்கும் இயந்திரத்தையே தொட்டுப் பார்க்காத பையன், சிவப்புச் சட்டையை வெள்ளை உள்ளாடைகளோடு போட்டுவிட்டு இளஞ்சிவப்பாக வந்ததைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பான். நான்கு நாளாகக் குளிக்காதவன் ஒருவன் இருப்பான். அவன் அறைத்தோழன் உங்களிடம் வந்து முறையிடுவான். “குளிடா” என்று நடையில் வைத்துச் சொன்னால் அவனுக்கு மூன்று வாரமும் அந்தப் பெயர்தான். நான் பத்துப் பேருக்கும் பொதுவாக, “விளையாடிட்டு வந்து குளிக்காம இரவுப் படிப்புக்குப் போகக் கூடாது” என்று ஒரு விதி போட்டேன். யாருக்காகப் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் சொல்லிக்காட்ட முடியாது. விதி என்பது சில நேரம் ஒருவனின் மானத்தை மறைக்கும் துண்டு.

“விளக்கணைச்சா தூங்கிடுவாங்களா?” என்று மருமகள் சிரித்தாள். அவளுக்கே பத்தொன்பதுதான், பதில் தெரியும்.

தூங்க மாட்டார்கள். அது முழுக்கக் குறும்பும் இல்லை. பருவ வயதில் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் சுரக்கும் நேரமே ஒன்று, இரண்டு மணி தள்ளிப்போகிறது. அதே சமயம் 13 முதல் 18 வயதுவரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-ல் பரிந்துரைத்தது. உடம்பு பதினொன்றுக்கு மேல்தான் கண்ணை மூடும். மணி ஏழுக்கு அடிக்கும். இடையில் கூட்டிக் கழித்துப் பாருங்கள், எட்டு மணி நேரத்தையே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஆர்.ஏ. விளக்கணைப்பில் கெடுபிடியாக இருப்பது அதிகாரம் காட்ட இல்லை. முதல் வாரம் தூக்கத்தைத் தின்றுவிட்டால் இரண்டாம் வாரத்தில் காய்ச்சலும் சண்டையும் வரிசையாக வரும். நான் விளக்கை அணைத்துவிட்டு நடையில் ஒரு நாற்காலி போட்டுப் புத்தகம் படிப்பேன். அதட்ட வேண்டியதில்லை. நாற்காலி கிரீச்சிடும் சத்தம் போதும்.

இப்போது அந்த மரத்தடிக்கு வருகிறேன். இரண்டாம் வாரம், இரவு இரண்டு மணி. யாரோ மைக்ரோவேவில் பாப்கார்னைக் கருகவிட, தீ மணி அலறியது. பயிற்சியில் சொன்னபடி எல்லோரையும் இறக்கி மரத்தடியில் நிறுத்தினேன். பாதிப் பேர் வெறுங்கால். ஒருவன் தலையணையோடு வந்திருந்தான். எண்ணினேன். பதினொன்று. இருட்டில் யாரையோ இரண்டு தடவை எண்ணிவிட்டோம், குறையவில்லையே, போதும் என்று நிம்மதியாகக் கை தூக்கிவிட்டேன். எல்லோரும் வந்தாச்சு.

அந்தப் பக்க மரத்தடியில் இரண்டாம் மாடி ஆர்.ஏ. ஒன்பதிலேயே நின்றான். மறுபடி எண்ணினான், ஒன்பது. முகம் வெளுத்து, புகை வந்த கட்டடத்துக்குள் திரும்ப ஓடப் போனவனைத் தீயணைப்பு ஆள் தோளைப் பிடித்து நிறுத்தினார். அவனுடைய பத்தாவது பையன் என் வரிசையில், தன் நண்பன் பக்கத்தில் குளிருக்குக் கை கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

எங்கள் மேற்பார்வையாளர், முப்பது வயதுப் பள்ளி ஆசிரியை, மறுநாள் காலை என்னை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்தார். சத்தம் போடவில்லை. ஒன்று குறைந்தால் தேடுவாய், ஒன்று கூடினால் மட்டும் ஏன் விட்டாய், உன்னிடம் கூடியது இன்னொருவரிடம் குறைந்ததல்லவா என்று கேட்டார். அன்றிலிருந்து எண்ணால் எண்ணுவதை விட்டேன். பெயர் சொல்லி, முகம் பார்த்து எண்ணுவேன். பத்து என்பது ஒரு தொகை. என் பத்துப் பேர் என்பது வேறு. இந்த உத்தியோகத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: பதினேழு மணி நேரமும் எண்ணிக்கொண்டிருப்பது.

அக்கா இரண்டாவது டீயைக் கொண்டுவந்து வைத்தாள். இந்த முறை போகாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஒருவன் குறைவது உண்டு. என் பத்தில் ஒரு பையன் டெக்சஸிலிருந்து வந்தவன். எங்கேயும் தாமதமாக வர மாட்டான், விதி மீற மாட்டான். முதல் மூன்று நாள் நல்ல பிள்ளை என்று சந்தோஷப்பட்டேன். நான்காம் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் தற்செயலாக அவன் தட்டைப் பார்த்தேன். மூன்று வேளையும் வெறும் சீரியல், அதுவும் பால் ஊறிக் கூழாகும்வரை கரண்டியால் சுற்றிக்கொண்டிருந்தான். வரிசையில் எப்போதும் கடைசி ஆள். எண்ணிக்கையில் தினமும் இருந்தான். ஆனால் ஆள் அங்கே இல்லை.

வீட்டு ஏக்கம். இதற்கு வைத்தியர்கள் பெயர் வைத்து முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. 1688-ல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரை நினைத்து உருகும் சுவிட்சர்லாந்துக்காரர்களின் நிலையை ஒரு நோயாகவே எழுதி, கிரேக்கச் சொற்கள் இரண்டை ஒட்டி ‘நோஸ்டால்ஜியா’ என்று பெயர் சூட்டினார். இன்று அதை நோய் என்று சொல்வதில்லை. வீட்டைப் பிரிந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது வருவதுதான். கிறிஸ்டோஃபர் தர்பர் என்ற உளவியலாளர் முகாம்களிலேயே இதை ஆராய்ந்தவர். 2007-ல் குழந்தை மருத்துவர்களுக்காக அவரும் இன்னொருவரும் எழுதிய வழிகாட்டுதலில் பெற்றோருக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு: “பிடிக்கலேன்னா சொல்லு, வந்து கூட்டிட்டுப் போயிடறேன்” என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். கேட்க அன்பாகத்தான் இருக்கிறது. பிள்ளை காதில் அது “உன்னால முடியாதுன்னு நினைக்கிறேன்” என்று விழுகிறது. போதாததற்குத் தப்பிக்க ஒரு வாசலும் திறந்திருக்கிறது. வாசல் திறந்திருந்தால் யார் உள்ளே பார்ப்பார்கள்?

அவன் அம்மா அந்த வாக்கைக் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார். தினமும் மாலை தொலைபேசியில் அழுகை. மேற்பார்வையாளர் அம்மாவிடம் பேசினார், நான் அவனிடம். “அழாதே, ஜாலியா இரு” என்று சொல்லவில்லை. வீட்டில் இந்நேரம் என்ன நடக்கும் என்று கேட்டேன். நாய்க்குச் சோறு வைக்கும் நேரம் என்றான். நாயைப் பற்றி இருபது நிமிடம் பேசினான். மறுநாள் ஃபிரிஸ்பீப் பையைத் தூக்கும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தேன். பை வராமல் ஆட்டம் தொடங்காது; பை வர அவன் வர வேண்டும். ஒன்பதாம் நாள் பீட்சா எடுத்தான். பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன். கடைசிவரை அமைதியான பையன்தான். ஆனால் எண்ணும்போது ‘இருக்கேன்’ என்று கை தூக்கினான்.

“அப்ப நல்லாப் பழகினாப் போதும், இல்லையா மாமா?”

இங்கேதான் நிறைய நல்ல மனிதர்கள் தடுக்கி விழுகிறார்கள். பழக வேண்டும், ஆனால் அளவு தெரிந்து. ஆர்.ஏ.வுக்கு இருபது வயது, பிள்ளைக்குப் பதினாறு. வெளியே இருந்தால் ஒரே கிரிக்கெட் டீமில் ஆடுகிற வயது வித்தியாசம். அதனால்தான் விதிகள் கறாராக இருக்கின்றன. ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய கதவுக்குள் இருக்காதே. பேச வேண்டுமென்றால் கதவைத் திறந்துவை, இல்லாவிட்டால் நாலு பேர் பார்வை படும் பெஞ்சில் உட்கார். சமூக ஊடகத்தில் நட்பு வேண்டாம். உன் கைபேசியில் அவர்கள் படம் வேண்டாம். ஒரே பிள்ளைக்கு மட்டும் பரிசு வேண்டாம். இவை பிள்ளையைக் காப்பதற்கு. கூடவே உன்னையும் காக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காதே. நடுராத்திரி ஒரு பிள்ளை வந்து, “யாரிடமும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு, ஒன்று சொல்கிறேன்” என்று கேட்கும். நம் மனசு உடனே சரி என்று சொல்லத் துடிக்கும். சொல்லக் கூடாது. “நீ சொல்வது உன் பாதுகாப்பைப் பற்றியதாக இருந்தால் நான் உதவி கூப்பிட்டே ஆக வேண்டும், மற்றது நமக்குள் இருக்கும்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பென்சில்வேனியாச் சட்டப்படி இப்படிப் பிள்ளைகளைப் பொறுப்பில் வைத்திருப்பவர், வதை நடப்பதாகச் சந்தேகம் வந்தாலே மாநில அவசர எண்ணுக்கு உடனே தகவல் சொல்லக் கடமைப்பட்டவர். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன் என்று கை கழுவ முடியாது. தானே சொல்ல வேண்டும். நிரூபிப்பது நம் வேலை இல்லை, துருவிக் கேட்பதும் நம் வேலை இல்லை. உண்மையைச் சொன்னால் பிள்ளை சொல்லாமல் போய்விடுமே என்று பயப்படுவோம். பல பிள்ளைகள் அதன் பிறகும் சொல்கின்றன. யாராவது ஏதாவது செய்ய வேண்டும் என்றுதானே அவை நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டுகின்றன.

அக்கா பேச்சை மாற்றினாள். “சரி, இவ்வளவுக்கும் என்ன குடுப்பான்?”

நியாயமான கேள்வி. பெரும்பாலும் மணிக்கணக்குச் சம்பளம் இல்லை. மொத்தமாக ஒரு தொகை, அறையும் சாப்பாடும் இலவசம். ஏன் இப்படி என்றால், 1938-ம் வருடக் கூட்டாட்சி உழைப்புச் சட்டத்தில் பருவகால முகாம்களுக்கு ஒரு விலக்கு உண்டு. வருடத்தில் ஏழு மாதத்துக்கு மேல் நடக்காத முகாம், குறைந்தபட்சக் கூலியும் மிகைநேரக் கூலியும் தரக் கட்டாயமில்லை. மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம், நடத்துகிற நிறுவனத்தைப் பொறுத்தும் மாறலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 21 நாள், நாளுக்குப் பதினான்கு மணி நேரம் விழித்து வேலை என்றால் 294 மணி. 2009-லிருந்து மாறாமல் இருக்கும் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். பெருக்கினால் 2,131 டாலர் 50 சென்ட். அவர்கள் தரும் தொகையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓய்வு, எத்தனை இரவு நடைக் காவல், இவற்றைக் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேள். பணம் சேர்க்க இது வழி இல்லை. பணத்தைக் கேட்காமல் போவது பெருந்தன்மையும் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு இன்னொன்று. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் தன் கல்லூரி வளாகத்தில் படிப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரமும், விடுமுறையில் முழு நேரமும் வேலை செய்யலாம். ஆனால் முகாமை நடத்துவது யார் என்று பார்க்க வேண்டும். வெளி நிறுவனம் ஒன்று உன் கல்லூரிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடத்தினால், இடம் உன் வளாகம்தான் என்றாலும் முதலாளி உன் கல்லூரி இல்லை. அப்போது அது வளாக வேலை என்று தானாக ஆகிவிடாது. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டுதான் ஒப்புக்கொள்ள வேண்டும். முகாம் வேலைக்கென்றே இங்கிருந்து போவதற்கு ஜே-1 விசாவில் தனிப் பிரிவு உண்டு. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், அதிகபட்சம் நான்கு மாதம்.

கடைசி நாளைப் பற்றியும் சொன்னேன். மூன்று வாரமும் எண்ணிக்கை குறைந்தால் பதறியவன், அன்று ஒருநாள் மட்டும் குறையக் குறையச் சரி என்று எழுதிக்கொள்வான். கார் வந்து நிற்கும், பெற்றோரின் அடையாள அட்டையைப் பார்த்துக் கையெழுத்து வாங்குவான், ஒன்பது. அடுத்த கார், எட்டு. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். நமக்கு அழ நேரம் இருக்காது. மாலை நான்கு மணிக்குப் பூஜ்யம். பிறகு அறை அறையாகப் போய் மறந்துவிட்ட சார்ஜர், ஒற்றைச் செருப்பு, பல் கம்பி வைத்த டப்பா இவற்றைப் பொறுக்கிப் பெயர் எழுதிப் பையில் போடுவோம். அன்றிரவு இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. எழுந்து நடையில் பாதி தூரம் போன பிறகுதான் கதவுகளுக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது உறைத்தது.

மருமகள் விண்ணப்பத்தைத் திறந்தாள். முதல் கேள்வி, இந்த வேலைக்கு நீங்கள் எப்படிப் பொருத்தம் என்பது. “எனக்குக் குழந்தைங்கன்னா உயிர்னு போடவா?”

“போடாதே. எல்லாரும் அதைத்தான் போடுவாங்க.”

“வேற என்ன இருக்கு எங்கிட்ட? நான் யாரையும் பாத்துக்கிட்டதே இல்லையே.”

அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “ஏன் இல்ல? வருஷா வருஷம் மே மாசம் மொட்டை மாடியில இதுங்க ஏழையும் யாரு படுக்கவச்சா? சித்தி பிள்ளைங்க, அத்தை பிள்ளைங்க எல்லாம் இவ சொன்னாத்தான் படுக்கும். பத்து வயசுல இருந்தே எண்ணிப் பாத்துட்டுத்தான் படுப்பா. ஒரு நாள் ராத்திரி என்னை வந்து எழுப்பினா. என்னடின்னு கேட்டா, ‘அம்மா, எட்டு இருக்கு’ன்னா. பக்கத்து வீட்டுப் பையன் வந்து போர்வைக்குள்ள படுத்திருக்கான். அவங்கம்மா அந்நேரம் தெரு முழுக்க டார்ச் அடிச்சுத் தேடிக்கிட்டிருக்கு.”

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏழு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு என்று பார்த்து, தூங்கும் அம்மாவை எழுப்பியிருக்கிறாள். இருபத்து மூன்று வயதில் எனக்குத் தெரியாமல் போனது அவளுக்குப் பத்து வயதிலேயே தெரிந்திருக்கிறது.

“அப்ப இதை எழுதறேன்” என்று தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

“ஆயா வேலைன்னு மட்டும் எழுதிடாதே” என்றாள் அக்கா, அடுப்படிக்குள் போய்க்கொண்டே.